மருவுக்கு லேசர் அடிக்கப் போகிறீர்களா? கச்சான் அடங்கட்டும்

கல்யாண வீடுகளில் என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு "எங்கே எடுத்தாய், எவ்வளவு முடிஞ்சுது" என்று கேட்கிற மச்சாள்மார் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரேயடியாக எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. கன்னத்திலும் கழுத்திலும் மிளகு தூவினமாதிரி கறுப்பு மரு இருந்தது, அம்மாவுக்கும் உண்டு, அம்மம்மாவுக்கும் இருந்தது. முதல் தடவை தப்பான இடத்தில் எடுத்து எட்டு மாதம் முகத்தை மறைத்துத் திரிந்து, இரண்டாவது தடவை ஒழுங்காக எடுத்தவள். பிறகு தம்பியின் கையில் குத்தியிருந்த பச்சைக்கும் பெரியம்மாவின் மங்குக்கும் துணைக்குப் போய், டொக்டர்மாரைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணியிருக்கிறேன்.

முதல் தடவை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அழகு நிலையம், பெயர் வேண்டாம். கண்ணுக்கு எதுவும் போடவில்லை, இது என்ன மரு என்று யாரும் கேட்கவில்லை, ஒரு பிள்ளை வந்து பதினைந்து நிமிடத்தில் முப்பது மருவைப் பொசுக்கிவிட்டு மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்னை வெளியே அனுப்பினாள். அது ஆடி மாதம். திருகோணமலை உப்புவெளி வரை ஸ்கூட்டியில் வந்தேன். மரு போய்விட்டது உண்மை, ஆனால் ஒவ்வொரு மரு இருந்த இடத்திலும் அதைவிடப் பெரிய கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை அந்த மெஷினில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் தோலுக்கு லேசர் அறைக்குள் நடப்பது பாதி வேலைகூட இல்லை. போவதற்கு முன் என்ன தெரிந்துகொண்டோம், வந்த பிறகு வெயிலை எப்படித் தடுத்தோம் என்பதுதான் மிச்சமெல்லாம்.

வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பஸ் நிலையத்தடியில் வெயிலில் விட்ட மோட்டார் சைக்கிளின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகும். லேசரும் அதுதான், ஆனால் ஒரே ஒரு நிறத்து வெளிச்சம், எந்த நிறம் அதைக் குடிக்குமோ அதை மட்டும் சுடும். 1960இல் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரைச் செய்தார், சில வருடங்களுக்குள்ளேயே அமெரிக்கத் தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சுற்றியுள்ள தோலைப் பொசுக்காமல் குறித்ததை மட்டும் சுடுவது எப்படி என்ற கணக்கை அண்டர்சன், பரிஷ் என்ற இருவர் 1983இல்தான் தெளிவாக எழுதினார்கள். சரியான நிறம், சரியான பலம், அதோடு சூடு பக்கத்துக்குப் பரவ முன் நின்றுவிடுகிற அளவு சின்னத் துடிப்பு. இந்த மூன்றும்தான்.

அதனால் "லேசர்" என்று ஒரே மெஷின் கிடையாது. எந்த நிறத்து வெளிச்சம் என்பதை நானோமீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். 585, 595 நானோமீட்டர் சாய லேசர் இரத்தத்தின் சிவப்பைப் பிடிக்கும், சிவப்புப் பிறவி மச்சங்களுக்கு அது. 1064, 532 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கறுப்பு நிறத்தையும் பச்சை குத்திய மையையும் பிடிக்கும். 10,600 நானோமீட்டர் சீஓடூ லேசர் நிறத்தையே பார்க்காது, தோலில் உள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்து மேல் படையைச் சீவி எடுக்கும், மருவுக்குப் பாவிப்பது பெரும்பாலும் அதுதான். எர்பியம் என்று 2,940இல் இன்னொன்று, அதுவும் தண்ணீரைத்தான் பிடிக்கும், சுடுவது குறைவு. பார்லர்களில் லேசர் என்று சொல்லி வைத்திருக்கிற ஐபிஎல் லேசரே இல்லை, பல நிறமும் கலந்த பளிச் வெளிச்சம். கறுத்த தோலில் அதை அளவு தெரியாமல் அடித்தால் சீப்பு வைத்த மாதிரி வரி வரியாகச் சுடும்.

எங்கள் பிரச்சினை எங்கே என்றால், மச்சத்தில் இருக்கும் மெலனின் என்ற அதே கறுப்பு நிறப்பொருள் எங்கள் முழுத் தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோலில் கறுப்புப் புள்ளி தனியாகத் தெரியும், வெளிச்சம் நேரே அதற்குப் போகும். எங்களில் மேல் தோலும் சேர்ந்து குடிக்கும். தோலை 1 முதல் 6 வரை பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவு என்று ஒன்று இருக்கிறது, அதில் நாங்கள் அநேகமாக 4, 5, 6. அதனால் டொக்டர் பலத்தைக் குறைத்து, தோலைக் குளிராக்கி, தடவைகளைக் கூட்டித்தான் செய்யவேண்டும். "ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு எழும்பலாம்.

அது என்ன என்று முதலில் தெரியவேண்டும்

இதில் அவசரப்படவே வேண்டாம். லேசரில் பொசுக்கினால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. கத்தியால் எடுத்தால் துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், லேசர் அடித்தால் புகைதான். ஆகவே மச்சம் என்று நினைத்த ஒன்று மச்சமே இல்லையென்றால், தெரியவரும்போது பிந்திவிடும். ஒரு பாதி மற்றப் பாதி மாதிரி இல்லை, ஓரம் கிழிந்த கடதாசி மாதிரி, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல், சில மாதத்தில் மாறிக்கொண்டே போகிறது, இரத்தம் கசிகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் லேசர் பேச்சே எடுக்கவேண்டாம்.

கறுத்த தோலில் மெலனோமா என்கிற புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் வந்தால் வெயில் படாத இடத்தில், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும். நிலாவெளிக் கடற்கரையில் பாதிப் பெடியன்கள் போட்டுக்கொண்டு திரிகிற டீசேட்டில் இருக்கிற பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழேதான் வந்தது. 1981இல் 36 வயதில் போய்விட்டார். காலில் புதிதாகக் கறுப்புப் புள்ளி கண்டால் "மச்சம் வந்தால் பிரயாணம்" என்று சாத்திரம் சொல்லிக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னும் இரண்டு விஷயம். காட்டுப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குக் கையிலோ முகத்திலோ நோகாத, அரிப்பில்லாத ஒரு கட்டி வந்து மாதக்கணக்கில் ஆறாமல் நின்றால், அது மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். இலங்கையில் உண்டு, அதற்கு ஊசியும் குளிர் வைத்தியமும் இருக்கிறது. மற்றது, நிறம் வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுதாகச் சுகமாகும். இவற்றை அழகு நிலையத்தில் கொண்டுபோய் வெளிச்சம் அடித்தால் மாதங்கள் வீணாகும்.

ஆக முதல் அடி, ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் நம்பர் துண்டு எடுத்துக் காட்டுவது, அல்லது தோல் சிறப்பு வைத்தியரைச் சனல் பண்ணுவது, அதாவது காசு கட்டித் தனியாரில் பார்ப்பது. வரிசையில் ஒரு காலைப்பொழுது போகும், போகட்டும்.

எதற்கு லேசர், எதற்கு வேண்டாம்

கன்னத்துக் கறுப்பு மருவுக்குச் சீஓடூ லேசர் நல்லது, ஆனால் ஒரு உண்மையையும் சொல்லவேண்டும். சின்ன மருவுக்கு மின்சாரத்தால் மெல்லச் சுடுவதும் கிட்டத்தட்ட அதே பலனைத் தரும், செலவு குறைவு. நான் இரண்டாவது தடவை பாதியை அப்படித்தான் எடுத்தேன், இன்று எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. கழுத்திலும் அக்குளிலும் தொங்குகிற மருவுக்கு லேசர் வேண்டவே வேண்டாம், டொக்டர் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவார். அது திடீரென்று நிறைய வந்தால் ஒருக்கால் இரத்தத்தில் சீனி சோதித்துப் பாருங்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

பாலுண்ணி வைரஸால் வருவது. முதலில் சலிசிலிக் அமிலம், பிறகு திரவ நைதரசனில் உறைய வைப்பது, அதற்கும் அசையாவிட்டால்தான் லேசர். பாலுண்ணியை லேசரில் எரிக்கும்போது வரும் புகையில் வைரஸ் இருக்கும், புகை இழுக்கும் குழாய் இல்லாத அறையில் படுக்கவேண்டாம். மரமுந்திரிகைக் கொட்டையின் எண்ணெய், சுண்ணாம்பும் சவர்க்காரமும், தலைமுடியால் கட்டுவது என்று வீட்டு வைத்தியம் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு மாமி இருப்பா. அந்த எண்ணெய் தோலை வேகவைக்கும், மாமியை மதித்துத் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

மங்குக்கு லேசர் என்று யாராவது முதல் நாளே சொன்னால் சந்தேகப்படுங்கள். மங்கு சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கோபப்படுகிற சாமான். லேசரில் ஒரு மாதம் வெளுத்து, மூன்றாம் மாதம் முன்னதைவிடக் கறுத்து வரக்கூடும். பெரியம்மாவுக்கு டொக்டர் கிறீமும் சன்ஸ்கிறீனும்தான் கொடுத்தார், அவ "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று பஸ்ஸில் முழுவழியும் புறுபுறுத்தா, ஆறு மாதத்தில் பேச்சு நின்றுவிட்டது. தேமலுக்கும் லேசர் இல்லை, அது பூஞ்சை, பூஞ்சை மருந்தில் போகும். காது குத்திய இடத்தில் புடைத்து வளர்கிற கீலாய்ட் என்ற தழும்பை லேசரால் மட்டும் சீவினால் திரும்பப் பெரிதாக வளரும், அதற்கு ஸ்டீரொய்ட் ஊசிதான் முதல்.

பச்சை குத்தியதை எடுக்கிறவர்கள் பொறுமையோடு வரவேண்டும். கறுப்பு மை சுலபம், பச்சை நிறமும் மஞ்சளும் பாடாய்ப்படுத்தும். ஆறு, எட்டு, பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 6 முதல் 8 வாரம், அதாவது ஒரு வருடத்துக்கு மேல். தம்பி ஒரு பெயரை எழுத எடுத்தது நாற்பது நிமிடம், அழிக்கப் போய்க்கொண்டிருப்பது இது இரண்டாவது வருடம். இன்னொன்று, உதட்டிலும் புருவத்திலும் குத்துகிற சிவப்பு, தோல் நிறம், வெள்ளை மைகள் லேசர் பட்டவுடன் கறுத்துவிடலாம், அதற்கு முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்துப் பார்க்கவேண்டும்.

பிள்ளைகள் விஷயம். குழந்தையின் இடுப்பில், பிட்டத்தில் இருக்கும் நீலத் திட்டு வளர வளரத் தானாக மங்கும், விட்டுவிடுங்கள். பிறந்து சில வாரத்தில் சிவப்பாகப் புடைத்து வளர்கிற இரத்தக்கட்டிக்கு லேசரைத் தேடி ஓடமுன் பிள்ளை வைத்தியரிடம் போகவேண்டும். இதயத்துக்குக் கொடுக்கிற ப்ரொப்ரனொலோல் என்ற மருந்தில் அது சுருங்கும் என்பதை 2008இல் பிரான்ஸ் வைத்தியர்கள் தற்செயலாகக் கண்டார்கள், இன்று ஆபத்தான இடத்தில் வரும் கட்டிக்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் பிறக்கும்போதே தட்டையாக, திராட்சைரசம் ஊற்றினமாதிரி இருக்கும் சிவப்பு மச்சம் வேறு, அது தானாகப் போகாது, அதற்குத்தான் சாய லேசர், சின்ன வயதில் தொடங்கினால் நல்லது. கண்ணைச் சுற்றிக் கன்னம் வரை நீலச் சாம்பல் நிறமாகப் படர்கிற ஓட்டா மச்சம் லேசருக்கு நன்றாக மசியும், பல தடவை போகவேண்டியிருந்தாலும்.

இடம் பார்க்கும்போது

பெயரை இலங்கை மருத்துவச் சபையின் பதிவில் பாருங்கள், தோல் சிறப்பு வைத்தியரா, வெறும் பயிற்சிச் சான்றிதழ் மாட்டியவரா என்று தெரியும். தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவுச் சான்றிதழைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. பிறகு இவற்றைக் கேளுங்கள்: எந்த மெஷின், எத்தனை நானோமீட்டர், என் மாதிரித் தோலில் செய்த படம் இருக்கிறதா, டொக்டரே அடிப்பாரா, பிழைத்தால் யாரைப் பார்ப்பது. தெரியாமல் கேட்கிறீர்கள் என்று நினைத்தால் மழுப்புவார்கள், நானோமீட்டர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள், நான் கண்ணால் கண்டது.

காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு 4 வாரமாவது பொறுக்கச் சொல்கிற டொக்டர் நல்ல டொக்டர். கண்டிக்கோ கொழும்புக்கோ இரண்டு தடவை பஸ் பிடிக்கவேண்டுமே என்று கணக்குப் பார்க்காதீர்கள், எட்டு மாதத்தோடு ஒப்பிட்டால் ஒரு இரவு பஸ் ஒன்றுமில்லை.

நீங்களும் மறைக்காமல் சொல்லவேண்டியவை உண்டு. பருவுக்கு ஐசோட்ரெடினொயின் குளிசை எடுக்கிறீர்களா, கீலாய்ட் வருகிற உடம்பா, வாயைச் சுற்றிக் கொப்புளம் வருவதுண்டா, வயிற்றில் பிள்ளையா, வெள்ளையாக்குகிற கிறீம் பூசுகிறீர்களா. கடைசியை எல்லாரும் மறைப்பார்கள். லேபல் ஒழுங்காக இல்லாத அந்தக் கிறீம்களில் ஸ்டீரொய்டோ பாதரசமோ இருக்கலாம், ஸ்டீரொய்ட் தோலை மெல்லிசாக்கியிருந்தால் அதே பலம் இரட்டிப்பாகச் சுடும்.

எப்போது

கச்சான் என்றவுடன் கோணேசர் கோயிலடியில் சுருளில் விற்கிற கடலை நினைவுக்கு வந்தால், அது அல்ல, நான் சொல்வது காற்றை. வைகாசி தொடங்கி ஆவணி வரை அந்தச் சூட்டுக் காற்றும் புழுதியும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற காலத்தில் முகத்தில் புண்ணோடு திரிவது மடத்தனம், நான் செய்த மடத்தனம். மாரி தொடங்கிய பிறகு வையுங்கள், ஐப்பசிக் கடைசி முதல் தை வரை. மேகம் முழு வெயிலையும் மறைக்காது, ஆனாலும் வெளியே போகிறதே குறையும். கடற்கரையில் குடை பிடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவைத் திருப்பி எறியும், கடல் நுரை 25 சதவீதம் அளவை, அதாவது குடைக்குக் கீழேயிருந்தும் வெயில் வரும். கல்யாணம் இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்னால் முடித்துவிடுங்கள். போன கிழமை எடுத்துவிட்டு இந்தக் கிழமை மணவறையில் உட்கார முடியாது. போவதற்கு முந்திய 4 வாரமும் வெயிலில் கறுக்காமல் இருக்கவேண்டும், கறுத்துப் போனால் நல்ல டொக்டர் திருப்பி அனுப்புவார்.

அன்றைக்கு

முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். மரப்புக் கிறீம் பூசி மூடி முக்கால் மணி, ஒரு மணி நேரம் விடுவார்கள். அதை வீட்டில் நீங்களாகப் பெரிய இடத்துக்கு அப்பிக்கொண்டு போகவேண்டாம், அளவு கூடினால் இரத்தத்தில் சேர்ந்து வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். கண் மூடி கட்டாயம், அறையில் நிற்கிற எல்லாருக்கும், அந்த லேசருக்கென்று நானோமீட்டர் எழுதிய கண்ணாடி. கறுப்புக் கூலிங் கிளாஸ் தந்தால் எழும்பி வாருங்கள். இறப்பர் பட்டியை இழுத்து விட்டமாதிரி சுள்ளென்று இருக்கும், சீஓடூவில் கொஞ்சம் பொசுங்கின மணம் வரும், பயப்படவேண்டாம். ஆனால் அடித்த இடம் வெள்ளையாக வெளிறித் தாங்கமுடியாமல் சுட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வதற்குப் பரிசு கிடையாது.

பிறகு

முதல் நாள் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பத்து நிமிடமாக. பிறகு தண்ணீரால் மெல்லக் கழுவி, டொக்டர் தந்த மருந்து அல்லது வெறும் வஸ்லின், காயவிடவே கூடாது. மஞ்சள் வேண்டாம், கற்றாழை வேண்டாம், எலுமிச்சை கிட்டவும் வரக்கூடாது. முகத்தில் பொருக்கு ஒரு கிழமை, பத்து நாளில் தானாக விழும். நகத்தால் எடுத்தால் குழி விழும், அல்லது கறுக்கும், அநேகமாக இரண்டும். சாய லேசர் அடித்தவர்களுக்கு அடிபட்டமாதிரி ஊதா நிறம் ஒன்று, இரண்டு கிழமை இருக்கும், அது எதிர்பார்த்ததுதான், வீட்டுக்காரர் அடித்ததா என்று அயலட்டை கேட்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

பொருக்கு விழும்வரை கடல் குளிப்பு, கன்னியா வெந்நீர்க் கிணறு, நீச்சல் எதுவும் வேண்டாம். ஹெல்மெட் பட்டி தாடையை உராயும், மெல்லிய பருத்தித் துணி ஒன்றை இடையில் வையுங்கள், அல்லது இரண்டு கிழமை ஓட்டோவில் போங்கள்.

தோல் மூடியவுடன் சன்ஸ்கிறீன், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும், வெளியே நின்றால் இரண்டு மணிக்கொருதரம் திரும்ப. எங்கள் தோலைக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுக்கவைக்கும், அதனால் இரும்பு ஒக்சைட் கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிறீன் கிடைத்தால் அதை எடுங்கள். மூன்று மாதமாவது. அகலத் தொப்பியோ குடையோ கூடவே.

சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வலி, கொத்தாகக் கொப்புளம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்றாம், நாலாம் கிழமை கறுக்கத் தொடங்கினால் பதறிப்போய் இன்னொரு லேசர் அடிக்க ஓடாதீர்கள், நான் ஓடப் பார்த்தேன், டொக்டர்தான் தடுத்தார். அது தோல் பயத்தில் கொட்டிய மெலனின். கிறீமும் நிழலும் பொறுமையும்தான் மருந்து, எடுக்கும் மாதங்களை எடுக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஜன்னலடியில், ஒரே நேரத்தில், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்தால் மாற்றமே இல்லாதமாதிரி இருக்கும். எனக்கு ஐந்தாவது படத்துக்கும் ஒன்பதாவது படத்துக்கும் இடையில்தான் வித்தியாசம் தெரிந்தது.